ஒரு பிள்ளைக்கு மட்டும் காய்ச்சல் ஏன் முற்றுகிறது?

ஆசிரியருக்கு,

மழைக்காலத்தில் கடலூரில் வைரஸ் காய்ச்சல் புதிதல்ல. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஆனால் சாதாரண வைரஸ் ஒரு பிள்ளையை மட்டும் தீவிர சிகிச்சை வரை தள்ளினால், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு மரபணுவில் குறை உண்டா என்று பார்க்க வேண்டும். உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ், வைரஸை உடல் அடையாளம் காண உதவும் டிஎல்ஆர்3 மரபணுவில் குறை உள்ள சிலருக்கு மூளையையே தாக்கும் என்பது 2007-லேயே தெரிந்த விஷயம்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாக மாறும் மரபணுக் குறைகளும் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும்போது அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். (இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே முகம் சுளிக்கிறார்கள்.) குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை இப்படிக் காய்ச்சல் முற்றி இறந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இப்படிப்பட்ட பிறவிக் குறைகளும் அரிய நோய்கள்தாம். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்கீழ், பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். அதற்கு வழிகாட்ட மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒருவரை நியமிக்கலாமே!

— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்