போன் அப்பா எழுதுவது

நிஷி கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

டேய் கணேசா,

திட்டாதே. எட்டு மாதம் ஆயிற்று, தெரியும். உன் வாய்ஸ் மெசேஜ் பதினொன்றையும் கேட்டேன். அதில் நான்கு உன் சட்டைப்பை தானாக அனுப்பியது, வெறும் ஸ்கூட்டர் சத்தம். முதலில் அந்த சைலன்சரை மாற்று. முழங்கால் தேவலையா? குண்டு சார் பென்ஷன் வந்துவிட்டதா? எனக்குக் குறையொன்றும் இல்லை, தலைமுடியைத் தவிர.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது கவின் கூப்பிட்டான். "அப்பா, இந்த கேம்ல நீங்க வர்றீங்க" என்றான்.

உமாவும் அவனும் உறையூருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறதில்லையா, போகும்போது ஸ்விட்ச் என்ற நிண்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தேன். அதில் நிண்டெண்டோவின் பழைய ஆட்டங்களும் கிடைக்கும். எதையெதையோ தட்டி, கடைசியில் 'எர்த்பவுண்ட்' என்ற ஒன்றைப் பிடித்திருக்கிறான். நாயகன் நெஸ், சிவப்புத் தொப்பி போட்ட பையன், கையில் பேஸ்பால் மட்டை. அவனுடைய அப்பா கடைசிவரை திரையில் தலையே காட்டமாட்டார். போன் மட்டும்தான். பையன் கூப்பிட்டால், கணக்கில் இவ்வளவு போட்டிருக்கிறேன் என்பார், ஆட்டத்தை சேவ் செய்துகொடுப்பார். அதிக நேரம் ஆடினால் அவரே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுக்கக் கூடாதா என்பார். பணத்தை ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ள வேண்டியது. "நீங்களும் இதேதானே சொல்றீங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

அன்று முதல் பிடித்த பைத்தியம் இது. இதைப் பற்றியே உனக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஜப்பானில் இதன் பெயர் 'மதர் 2'. மூன்று ஆட்டங்கள் கொண்ட வரிசையில் நடுப்பிள்ளை. உருவாக்கியவர் ஷிகெசாதோ இத்தோய், தொழில் விளம்பர வாசகம் எழுதுவது. 'டிராகன் குவெஸ்ட்' என்ற சாகச ஆட்டத்தை ஆடிவிட்டு, வாளும் அரண்மனையும் எதற்கு, நம் காலத்துத் தெருவிலேயே ஒன்று நடக்கட்டுமே என்று நினைத்திருக்கிறார். மட்டை, யோ-யோ, தோசைக்கல் போன்ற வாணலி, இவைதான் ஆயுதம். யோசனையை எழுதி எடுத்துக்கொண்டு நிண்டெண்டோவில் மரியோவை உருவாக்கிய மியாமோதோவிடம் காட்டினால், அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. திரும்பும் ரயிலில் அழுதேன் என்று இத்தோயே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாற்பதை நெருங்கிய மனுஷன், ஊரறிந்த ஆள், ஷின்கான்செனில் உட்கார்ந்து அழுகிறான்! எனக்கு அந்த இடத்தில்தான் அவரைப் பிடித்துப்போயிற்று. முதல் 'மதர்' 1989 ஜூலையில் வந்தது. பெயர் ஜான் லெனனின் பாட்டிலிருந்து.

இன்னொன்று கேள். 1988இல் வந்த 'டோட்டோரோ' படத்தை கவினுக்காக எத்தனை தடவை ஓட்டியிருப்போம்? அதில் அந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தது இதே இத்தோய்தான். முகம் காட்டாத அப்பாவை எழுதியவரும், அப்பாவின் குரலாக மட்டும் இருந்தவரும் ஒரே ஆள். இது தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

'மதர் 2' ஐந்து வருஷம் இழுத்தது. ஒரு கட்டத்தில் மூழ்கும் நிலை. அப்போது வந்தவர் சதோரு இவாதா, பின்னாளில் நிண்டெண்டோவுக்கே தலைவரானவர். இருப்பதைத் திருத்திக்கொண்டு போனால் இரண்டு வருஷம், முதலிலிருந்து எழுதினால் அரை வருஷம் என்று இரண்டு வழி வைத்தாராம். முதலிலிருந்தே எழுதினார்கள். 1994 ஆகஸ்டில் வெளிவந்தது. என் ஆபீசில் இப்படி ஒரு ஆள் வந்து சொன்னால் அதைப் பற்றிப் பேசவே ஆறு மாதம் மீட்டிங் போடுவார்கள்.

அமெரிக்காவில் 1995இல் விட்டபோது, சுரண்டினால் நாறும் விளம்பரத்தைப் பத்திரிகைகளில் போட்டார்கள். நிஜமாகவே நாற்றம்டா. ஆட்டம் விற்கவில்லை. ஆனால் வாங்கிய கொஞ்சம் பேர் விடவில்லை. வருஷக்கணக்காக மனு மேல் மனு. அந்த ரசிகர் கூட்டத்தில் வளர்ந்த ஒரு பையன்தான் பிறகு 'அண்டர்டேல்' என்ற பிரபலமான ஆட்டத்தைச் செய்தான்.

உனக்கென்று ஒரு செய்தி. அமெரிக்கப் பதிப்பைத் திருட்டு கேசட்டில் ஆடினால் முதலில் எதிரிகளைக் கூட்டமாக அனுப்பும். அதையும் தாண்டிக் கடைசிச் சண்டைக்குப் போனால் அப்படியே உறைந்து, சேவ் செய்தது அத்தனையையும் அழித்துவிடும். நீ என் தலையில் கட்டிய '9999 இன் 1' கேம் கேசட் ஞாபகம் வந்தது. அதில் இருந்தது ஏழு ஆட்டம்! இங்கே கடைக்காரர்களும் அதைக் 'கசெத்தோ' என்றுதான் சொல்கிறார்கள். கேசட்! முதல் தடவை கேட்டபோது கடையிலேயே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கவின் ஆடும்போது நானும் வீடியோ காலில் பார்ப்பேன். அடிபட்டால் உயிர் எண் பட்டென்று குறையாது, பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி உருளும். சாகிற அடியே விழுந்தாலும், அது பூஜ்யத்துக்கு வருவதற்குள் மருந்து கொடுத்தால் பிழைக்கலாம். "ஓடுது ஓடுது, சீக்கிரம்" என்று இங்கிருந்து நான் கத்துவேன், பக்கத்து வீட்டுப் பாட்டி சுவரைத் தட்டுவார். அப்புறம், ஆட்டத்தின் தொடக்கத்தில் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்கும். இவன் 'சாம்பார்' என்று போட்டுவிட்டான். வீட்டு ஞாபகம் வந்தால் நெஸ் சண்டை நடுவில் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடுவான். அவனுக்கு வீட்டு ஏக்கம் தீர அம்மாவுக்குப் போன் போட வேண்டும். அப்பாவுக்குப் போட்டால் தீராது. இதை கவின் சொல்லவில்லை, நானே கவனித்தேன்.

இப்போது எழுத வந்த காரியம். அவன் 'மதர் 3' கேட்கிறான். அது பன்னிரண்டு வருஷக் கதை. 2000இல் கைவிட்டதாக அறிவித்து, பிறகு எடுத்து, 2006 ஏப்ரலில் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வெளியிட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே இன்றுவரை முறையாக வரவில்லை. 2024இல் ஸ்விட்சில் சேர்த்தபோதும் ஜப்பானுக்கு மட்டும்தான். கிளைட் மாண்டெலின் என்ற மொழிபெயர்ப்பாளரும் ரசிகர்களும் 2008இல் ஆங்கிலத்தில் செய்துவைத்திருக்கிறார்கள். நான் வேறு திட்டம் போட்டேன். அகிஹாபாரா எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் பழைய கேசட் ஒன்று வாங்கினேன். ஞாயிறு தோறும் நான் இங்கே ஆடுவேன், கேமராவில் காட்டிக்கொண்டே தமிழில் சொல்வேன், அவன் கேட்பான். பெரும்பாலும் கானா என்ற எளிய ஒலியெழுத்து, என் ஜப்பானியத்துக்குத் தாங்கும். கவினுக்கு ஒரே குதி.

முன்கூட்டியே ஆடிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். லூகாஸ், கிளாஸ் என்று இரட்டைப் பையன்கள். தாத்தா வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அம்மா இறந்துவிடுகிறாள். ராத்திரி, காட்டில் நெருப்பு மூட்டி, ஆற்றிலிருந்து தூக்கிய பையன்களுக்கு ஊர்க்காரர்கள் குளிர்காய வைக்கிறார்கள். அப்பா ஃப்ளின்ட்டிடம் ஒருவர் வந்து, ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி என்கிறார். நல்ல செய்தி, ஒரு பெரிய பல் கிடைத்திருக்கிறது, ஆயுதமாகும். கெட்ட செய்தி, அது கிடைத்த இடம் உன் மனைவியின் நெஞ்சு. அவ்வளவுதான். ஃப்ளின்ட் மண்ணில் குத்துகிறான், கட்டையை எடுத்து நெருப்பை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களை அடிக்கிறான். பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் கட்டைவிரல் அளவுப் பொம்மைகள்தான், ஆனாலும் என்னால் 'ஏ' பட்டனை அழுத்த முடியவில்லை.

ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு இதை என் பையனுக்கு எந்தக் குரலில் வாசிப்பது? உமா, அவன் தாங்குவான், ஆடு என்கிறாள். தாண்டிப் போய்விடலாமா என்றால் மீதிக் கதையே அதுதான்.

ஏழாம் வகுப்பில் உன் அம்மா போனபோது நாங்கள் யாரும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டோம், முதல் பேட்டிங் உனக்கே கொடுத்தோம், அதோடு சரி. அந்த வருஷம் இப்படி ஒரு கதையை யாராவது உனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா, எழுந்து போயிருப்பாயா? உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்? நேரடியாகச் சொல். மழுப்பாதே.

வருகிற ஞாயிறு நம்மூர் நேரம் நாலு மணிக்கு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வாய்ஸ் மெசேஜ் போடு, வண்டியை நிறுத்திவிட்டு.

உன்,
ராஜு

பி.கு.: உமா பருப்புப் பொடி அனுப்ப ஆள் தேடுகிறாள். உன் மச்சான் டிசம்பரில் இங்கே வருவது உறுதிதானே?