பெயர்கள் பிழையின்றி நின்றமைக்கு ஒரு நன்றி மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூடப்பட்ட எங்கள் தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியல் இணையத்தில் ஏறிவிட்டது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிக்கப்பட்டு, ஊர் ஊராகச் சிதறிய நம்மவர்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டெடுக்கும் இவ்வேளையில், அதற்குத் துணைநின்றோருக்கு நன்றி கூறுவது என் கடமை. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் உறவைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி, ஈப்போவிலிருந்து ஞாயிறுதோறும் வந்து ஜின்ஜா வார்ப்புருக்களைக் கற்றுத்தந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு. (ஜின்ஜா என்பது, ஒரே அச்சில் தரவுகளை நிரப்பிப் பல இணையப் பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருள். அந்த அச்சே வார்ப்புரு.) அதுவரை நாற்பது பக்கங்களிலும் தலைப்பகுதியை நகலெடுத்து ஒட்டிவந்தேன், தொடர்பு எண் மாறியபோது மூன்று பக்கங்களில் பழைய எண்ணே தங்கிவிட, மூதாட்டி ஒருவர் பல நாள் தவறான எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தார். தம்பி, பொதுவானவற்றை ஓர் அடிப்படை வார்ப்புருவில் வைத்து, மாறும் இடங்களை மட்டும் ‘பிளாக்’ எனப் பெயரிட்டுத் திறந்துவிட்டு, மற்றப் பக்கங்கள் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ வழியாக அதனைப் பெறும்படி செய்தார். எழுத்துகள் எம்முறையில் பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டுள்ளன என்று உலாவிக்குச் சொல்லும் எழுத்துக்குறியாக்க அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும். நாங்கள் கையாளும் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் ஆகும். ஆகவே நீண்ட தமிழ்த் தலைப்புக்கும் முன்பாகவே அதனை வைத்தார்.

அடுத்து, ஓய்வுபெற்ற எங்கள் தமிழாசிரியர் ஐயாவுக்கு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த அவர்தாம், ‘மாரியம்மாள்’ என்பது ‘மாரியம்மாள’ என்று புள்ளியிழந்து நிற்பதைக் கண்டார். பெட்டிக்குள் அடங்கட்டும் என்று நான் பெயரைப் பத்துக் குறியீடுகளோடு வெட்டியதே காரணம். ‘முருகன்’ நமக்கு 4 எழுத்து. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 7 குறியீடு. இப்போது நீண்ட குறிப்புகளை மட்டும், சொல்லை உடைக்காத ‘டிரன்கேட்’ வடிகட்டியால் (மதிப்பைக் காட்டுமுன் மாற்றித்தரும் ஜின்ஜா கருவியே வடிகட்டி) சுருக்குகிறோம். பெயரை எங்கும் வெட்டுவதில்லை. இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு மடங்கட்டும். ஒருவர் பெயரின் கடைசிப் புள்ளியும் அவருக்குரியது என்று ஐயா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் நன்றி. நன்கொடையாளர் வரிசையில் அவர் கடைப் பெயரின் ‘&’ குறி ‘&’ என்று கூடவே சில எழுத்துகளையும் இழுத்து வந்தபோது, அவர் கோபப்படாமல் படம்பிடித்து அனுப்பினார். குறிகளை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும் ‘சேஃப்’ வடிகட்டியைப் போட்டு மறைக்க முயன்றேன், தம்பி தடுத்துவிட்டார். பொதுமக்கள் எழுதி அனுப்பும் பகுதியில் அப்படிச் செய்தால், எவரேனும் நுழைக்கும் நிரல் படிப்பவரின் உலாவியில் ஓடிவிடும். சேமிக்கும்போது ஒருமுறையும் காட்டும்போது ஒருமுறையுமாக, ‘&’ போன்ற குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு இருமுறை மாற்றியதே உண்மையான பிழை. தரவை உள்ளபடியே சேமித்து, மாற்றும் பொறுப்பை வார்ப்புருவிடம் மட்டும் விட்டபின் அது சரியாயிற்று.

பழைய பதிவேடுகளைத் தட்டெழுதித் தந்த அக்காவுக்கும் கடன்பட்டுள்ளேன். அவர் விட்டிருந்த வெற்றிடங்களால்தான், ‘டிஃபால்ட்’ வடிகட்டி இல்லாத மதிப்பை நிரப்புமே தவிர, ‘ட்ரூ’ என்று சேர்த்துச் சொல்லாதவரை வெறுமையான மதிப்பை நிரப்பாது என்பதை அறிந்தேன். பட்டியலே கிடைக்காத ஆண்டுகளில், பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுற்றில், பெயரே இல்லாதபோது இயங்கும் ‘எல்ஸ்’ பகுதி “பதிவேடு வைத்திருப்போர் தெரிவிக்கவும்” என்று கேட்கிறது. அதைக் கண்டு இருவர் ஏற்கெனவே ஏடுகளோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

பணிவன்புடன்,
பட்டியல் பொறுப்பாளர்