ஆறு மணி நேரம்

தருமபுரி,
20.7.2025

அன்புள்ள மாணிக்கம்,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை; உன் சர்க்கரை அளவு முதற்கொண்டு கணக்கு வாத்தியார் வந்து ஒப்பித்துவிடுகிறார். இரண்டரை மாதமாக நாம் பேசவில்லை. வீம்பில் யாருக்கு முதல் பரிசு என்றால் எனக்குத்தான். நீயாவது நடுவில் ஒருநாள் கை தவறிப் பட்டதுபோல ஒரு மிஸ்டு கால் கொடுத்தாய்.

போனில் பேசினால் நீ குறுக்கே விழுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் அண்ணனைக் காவேரிப்பட்டணத்தில் பார்த்தேன். இந்த வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பாதி மாங்காயை மரத்திலேயே விட்டுவிட்டாராம். மாங்கூழ் தொழிற்சாலையில் கேட்டால், போன வருடச் சரக்கே கிடங்கில் கிடக்கிறது, செங்கடலில் கப்பல்களை அடிக்கிறார்கள், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்கிறார்களாம். "ஹூதி என்றால் யார் தம்பி?" என்று என்னைக் கேட்டார். மாமரத்தடியில் குச்சியால் மண்ணில் ஏமனையும் அதன் ஓரத்துக் கடல் இடுக்கையும் வரைந்து, அங்குள்ள கிளர்ச்சிப் படை என்று காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன சந்தா?" என்றார். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியதில் இவ்வளவு நல்ல மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாகிஸ்தானோடு சண்டை நடந்த மே 9 விடியற்காலையில் கராச்சி துறைமுகம் எரிகிறது என்று நான் நம் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டேன். கூடவே என் கைச்சரக்காக நாலு வரி வீரவசனம். நீ மூன்றே சொல்லில் பதில் எழுதினாய்: "மறுபடியும் ஆறு மணிநேரமா?" எல்லாரும் சிரித்தார்கள். டிராக்டர்கூடச் சிரித்தான், அவனுக்கு என்ன தெரியும்? நான் குழுவைவிட்டு வெளியேறினேன்.

வெளியேறிய பிறகுதான் தேடிப் பார்த்தேன். அது கராச்சியே இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜனவரிக் கடைசியில் ஒரு மருத்துவ விமானம் குடியிருப்புகளுக்கு நடுவே விழுந்து எரிந்ததே, அந்தக் காட்சி. சிகிச்சை முடிந்து தாயோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமி அதில் இருந்தாள். அவள் வெந்த நெருப்பைக் காட்டித்தான் நான் மார்தட்டியிருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பிழைப்புதான். குஜராத்தின் ஹசீரா துறைமுகம் பற்றி எரிவதாகச் சுற்றியது, 2021இல் எண்ணெய் டேங்கர் ஒன்று வெடித்த பழைய படம் என்று நம் அரசின் தகவல் பிரிவு சொன்னது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மே மாதக் கடைசியிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. குட்டி வந்திருக்கிறாள். எதிர்வீட்டு சாந்தாவின் மகள்தான். படிப்பை முடித்துவிட்டாள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுத வேண்டிய தேர்வு இந்த மாதக் கடைசியில் இருக்கிறதாம். இரவும் பகலும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள்.

2022 மார்ச் 2, புதன்கிழமை. குட்டி படித்துக்கொண்டிருந்த உக்ரைன் நகரமான கார்கிவில் சாமான் வாங்க வெளியே வந்த கர்நாடக மாணவன் குண்டுவீச்சில் இறந்த செய்தி முதல் நாள்தான் வந்திருந்தது. சாந்தா அடுப்பு மூட்டாமல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தாள். சாயங்காலம் தூதரகத்தின் அறிவிப்பு வந்தது: கார்கிவை விட்டு உடனே கிளம்புங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது, அங்கத்திய நேரம் மாலை 6 மணிக்குள் பிசோச்சின், பபாயே, பெஸ்லுதிவ்கா என்ற மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போய்ச் சேருங்கள். தூரத்தையும் போட்டிருந்தார்கள்: 11, 12, 16 கிலோமீட்டர். "இதோ இருக்கிற நல்லம்பள்ளிக்குப் போகிற மாதிரிதான்" என்று சாந்தாவுக்குச் சொன்னேன். நல்லம்பள்ளி ரோட்டில் பனியும் கிடையாது, பீரங்கியும் கிடையாது.

ஏழு மணி வாக்கில் என் போனில் அது வந்து விழுந்தது. இந்திய மாணவர்கள் வெளியேறுவதற்காக ரஷ்யா ஆறு மணிநேரம் போரை நிறுத்திவிட்டதாம். யார் அனுப்பியது என்று நான் பார்க்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, "சாந்தா, நிறுத்திவிட்டார்கள்!" என்று கத்தினேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்து, கோட்டைக் காமாட்சி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் மகளுக்குப் போன் போட ஓடினாள். நான் அதைக் குழுவிலும் போட்டேன். அது உனக்குத் தெரிந்த கதை.

"6 மணிக்குள்" என்பதுதான் நாலு கை மாறி "ஆறு மணிநேரம்" ஆகியிருக்கும் என்பது என் ஊகம். மறுநாளே வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் மறுத்துவிட்டார். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் என்று ஒரு தகவல் கிடைத்தது, அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். குண்டுவீச்சை யாரோ நிறுத்திவைத்தார்கள் என்பது சரியல்ல என்றார். நீ அதை எனக்கு அனுப்பினாய். படித்தேன். சாந்தாவிடம் சொல்லவில்லை. மறுப்பு வந்ததால் அந்தக் கதை செத்துப்போகவும் இல்லை. 2024 தேர்தலில் விளம்பரமாகவே வந்து நின்றது.

அதே மார்ச் 2 அன்றுதான் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை ரஷ்யாவைக் கண்டித்து வாக்கெடுத்தது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகியவை 35. நாம் அந்த 35இல். நீ அன்றிரவு பொரிந்து தள்ளினாய். நான் 1968 செக்கோஸ்லோவாக்கியா, 1980 ஆப்கானிஸ்தான் என்று பழைய ஓலைகளை எல்லாம் உருவினேன். மாஸ்கோவின் டாங்கி எங்கே நுழைந்தாலும் டெல்லியின் கை எழுந்ததில்லை, அதற்குக் காரணம் உண்டு என்றேன். சோவியத்தோடு போட்ட 1971 உடன்படிக்கை என்றேன், ராணுவத் தளவாடம் என்றேன், இரண்டு பக்கமும் வழிவிட்டால்தான் நம் பிள்ளைகள் வெளியே வர முடியும் என்றேன்.

நீ அன்று கேட்க மறந்த கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். 2014 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது நான் என்ன பேசினேன்? 2012இலும் 2013இலும் ஆதரித்து வாக்களித்த நாடு அந்த வருடம் விலகி நின்றது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, விலகியவை 12. நாலு ரோட்டு டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி, "விலகி நிற்பது ஒரு கொள்கையா? பயந்தாங்கொள்ளித்தனம்!" என்று கத்தியது யார்? எட்டு வருடம் கழித்து அதே விலகலை ராஜதந்திரம் என்று உனக்குப் பாடம் நடத்தியது யார்? 2022இல் விலகியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கட்சி மாறிவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. ஆனால் அன்று நான் காட்டிய பெருமிதம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் கூசுகிறது. தலைகுனிந்து செய்ய வேண்டிய காரியத்துக்கு மாலை போட்டேன்.

நீ மட்டும் என்ன யோக்கியம்? கீவ் நகரத்துப் பேய் என்று ஒரு விமானி ஒரே நாளில் ஆறு ரஷ்ய விமானங்களை வீழ்த்தினான் என்று, கணினி விளையாட்டுக் காட்சியைப் போட்டு எங்களை எழுந்து நின்று கைதட்டச் சொன்னாய். இரண்டு மாதம் கழித்து உக்ரைன் விமானப்படையே அது கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டபோது உன் பக்கம் மூச்சே இல்லை. ஆறு மணிநேரம் என்னுடையது, ஆறு விமானம் உன்னுடையது. கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்.

உன் மச்சான் குவைத்திலிருந்து அம்மான் வழியாக ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கிய வருடம் நினைவிருக்கிறதா? அந்த 1990 அக்டோபரில்தான் ஒரு குவைத் பெண், பதினைந்து வயது, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் அழுதாள். இராக் சிப்பாய்கள் மருத்துவமனையில் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். போர் வேண்டும் என்று பேசிய செனட்டர்கள் அதை எடுத்துச் சொன்னார்கள். 52க்கு 47 என்று செனட் அனுமதி கொடுத்தது. போர் முடிந்து 1992இல்தான் அவள் குவைத் தூதரின் மகள் என்பதும், விளம்பர நிறுவனம் ஒன்று அதன் பின்னால் இருந்தது என்பதும் வெளிவந்தன. அதை வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பொய் என்றால் கோபத்தைக் கிளப்பிக்கொண்டு வரும் என்று பிள்ளைகளை உஷார்ப்படுத்தினேன். ஆறுதலாகவும் வரும் என்பது எனக்கே தெரியவில்லை.

சொல்லை ஆயுதமாக்குவது நம் ஊருக்குப் புதிதா என்ன? நெய் பூசி மயிற்பீலி சூட்டிய உன் வேல்கள் எங்கே, முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் எங்கள் அதியமானின் வேல்கள் எங்கே என்று தொண்டைமானைக் குத்திய ஔவையாக நீ கல்லூரி மேடையில் நின்றாயே! நரைமுடி நழுவி உன் கிராப்பு தெரிந்ததும் அரங்கமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றை மறந்துவிட்டோம். தொண்டைமானை வாயடைத்தது சரி. அதியமானின் தகடூரை, நம் இந்தத் தருமபுரியை, எறிந்தவன் சேரன்.

போன செவ்வாய் இரவு மின்சாரம் இல்லை. காற்றுக்காக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். குட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, "மாமா, ஆறு மணிநேரம் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அம்மா போன் செய்தபோது நாங்கள் பிசோச்சினுக்கு நடந்துகொண்டிருந்தோம். குண்டு விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டேன். 'நிறுத்திவிட்டார்களாம், பயப்படாமல் நட' என்றார்கள் அம்மா. 'ஆமாம்மா, இங்கே சத்தமே இல்லை' என்றேன்."

கூட நடந்த ஒரு பெண்ணுக்கும் வீட்டிலிருந்து அதே செய்தி வந்ததாம். நேரம்தான் இருக்கிறதே, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியைப் போட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

குட்டி கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துவிட்டு, "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று படிக்கப் போய்விட்டாள். மூன்று வருடமாகத் தாய்க்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பொய் என்னுடையது.

ஆடி 18க்குக் கட்டாயம் வா. ஒகேனக்கல்லில் தண்ணீர் புரண்டு போகிறது, பரிசல் விடுவார்களா என்பது சந்தேகம். கரையில் உட்கார்ந்தாவது பேசுவோம். உனக்காகக் களி கிண்டுவதாக சாந்தா சொல்லியிருக்கிறாள். பரிமாறும்போது, தன் மகளுக்காக ஒரு போரே ஆறு மணிநேரம் நின்ற கதையை எடுப்பாள். எடுக்காமல் விடமாட்டாள், கோவிலில் பக்கத்தில் நிற்பவர்களிடம்கூடச் சொல்கிறாள். அப்போது நீ என் முகத்தைப் பார்க்காதே. அந்தப் பழைய கிண்டலையும் எடுக்காதே. களியைச் சாப்பிடு.

உன்
பெருமாள்

பி.கு.: குழுவில் மறுபடியும் சேரச் சொல்லி டிராக்டரைத் தூது அனுப்பாதே.