மீன்கடை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

மார்கழி ஒன்றாம் தேதி தாமிரபரணி ஆற்றில் எப்படி வெள்ளம் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி மீனாட்சிபுரத்து வீட்டுச் சுவரில் வண்டல் கோடு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மாடியிலிருந்து எங்களைப் படகில் இறக்கியவர்கள், மூன்று நாளும் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்ற மேலப்பாளையத்துப் பிள்ளைகள், பேர்கூடச் சொல்லாமல் சகதி அள்ளிவிட்டுப் போன கல்லூரிப் பையன்கள், ரோல் மிச்சத்தாளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்த அச்சகக்காரர், போனிலேயே எனக்குப் பாடம் நடத்திய சரித்திர டீச்சர், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இனி அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் போட்ட பொன்னாடைகள், தலைவர்களோடு எடுத்த படங்கள், சட்டசபையில் பேசிய பேச்சின் நகல்கள் எல்லாம் மாடி பீரோவில் பத்திரமாக இருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இருபது வருஷம் வாராவாரம் பத்திரிகையில் எழுதிய அம்மாவின் தாள்கள் கீழே கட்டிலுக்கடியில் கிடந்தன. 1992 வெள்ளம் எங்கள் வீட்டு வாசற்படியோடு திரும்பிவிட்டது, அந்தத் தைரியத்தில் வைத்திருந்தோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. எதை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை.

பெட்டியைத் திறந்தபோது நாலு விரல் கனத்துக்கு வண்டல். அதற்கடியில் நோட்டுகள், கத்தரித்து ஒட்டிய பத்திரிகைத் துண்டுகள், வாசகர்கள் எழுதிய இன்லாண்டு கடிதங்கள், கார்பன் நகல்கள். பதறிப்போய் ஒரு கட்டை மொட்டைமாடி வெயிலில் பிரித்துப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்து, தொட்ட இடமெல்லாம் பொடியாகி நின்றது. அந்தக் கட்டு போனது போனதுதான்.

அப்புறம்தான் டீச்சருக்குப் போன் போட்டேன். "வெயில்ல போடாதீங்க, ஒட்டின தாளைப் பிரிக்காதீங்க. ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சிரும். உறைய வச்சிட்டா அது அப்படியே நிக்கும், பிறகு ஒவ்வொரு கட்டா எடுத்து ஃபேனுக்கடியில காய வைக்கலாம். எங்கயாவது ஃப்ரீசர் கிடைக்குமா?" என்றார். ஃப்ரீசர் என்றதும் எனக்கு அம்மாவைக் கடைசியாகக் கிடத்தியிருந்த பெட்டிதான் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவில் கரண்டே இல்லை. பாளையங்கோட்டையில் எப்போதோ சாளை வாங்கிய ஒரு கடையில் ஜெனரேட்டர் ஓடியது. ரோடெல்லாம் அறுந்து கடற்கரையிலிருந்து மீன் வராமல் ஃப்ரீசர் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. பாலித்தீனில் சுற்றிய கட்டுகளோடு போய் நின்றேன்.

"என்னக்கா, அல்வாவா?"

சொன்னேன். "தாளுக்கா ஐஸு?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு அவருக்கு வந்த ஒரே கவலை இதுதான்: "மீன் வாடை அடிக்குமேக்கா, பரவால்லியா?"

பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். கட்டுகளை அவரே அடுக்கினார். மூடியில் மார்க்கரால் 'அம்மா தாள். தொடாதே' என்று எழுதி வைத்தார். ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். பாளையங்கோட்டையில் அந்த வாரம் மீன் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். லாரி வரத் தொடங்கிய பிறகும் அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. மீதி மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டே சமாளித்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மா எதைப் பத்திக்கா எழுதுவாங்க?"

"பேப்பர்ல எழுதுவாங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அப்பா எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்று கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டை எடுத்து, பனி விட்டதும் தாளுக்குத் தாள் அச்சகக் காகிதம் செருகி, ஈரம் ஏற ஏற மாற்ற வேண்டும். பேனா மையில் எழுதிய டைரிகள் பெரும்பாலும் நீலக் கறையாகிவிட்டன. கார்பன் நகல்கள் எழுத்து கலையாமல் நிற்கின்றன. மண்ணெண்ணெய் வரிசை, தாமிரபரணியில் சாக்கடை கலப்பது, கடைசி பஸ்ஸை விட்ட ஆசிரியை என்று எதையும் விடவில்லை அம்மா. முக்கூடல் பீடிப் பெண்களைப் பற்றி ஒன்று இருக்கிறது. 1966-லேயே சட்டம் வந்தும், சுற்றிக் கொண்டுவந்த பீடியில் இஷ்டத்துக்குக் கழித்துக் கூலியைக் குறைக்கிறார்களே என்று கேட்டிருக்கிறாள். ஓரத்தில் அப்பாவின் பேனா மை கரைந்து பரவியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் "இது வேண்டாம்" என்று தெரிகிறது. அதற்குக் கீழே பால்பாயிண்டில், அழுத்தமாக, அம்மா: "அனுப்பியாச்சு."

இனி இந்தத் தாள்கள் மாடியில் இருக்கும். பொன்னாடைகள் கீழே வரட்டும். எந்த நூலகத்துக்குக் கொடுத்தாலும் உறையில் 'இன்னாரின் மனைவி' என்று எழுத விடமாட்டேன்.

அந்தப் பீடித் தாளை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து, நின்றபடியே முழுவதும் படித்தார். "நல்லா கேட்டிருக்காங்க" என்றார். பிறகு, "மிச்சம் ரெண்டு கட்டை எப்பக்கா எடுக்கீய? பொங்கல் கரிநாளுக்குக் கூட்டம் தாங்காது."

கரிநாளுக்கு முன்னால் எடுத்துவிடுகிறேன், அண்ணாச்சி.