எந்த கவுன்சிலிங்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மன அழுத்தமோ மணமுறிவோ, எதைப் பற்றி எழுதினாலும் 'கவுன்சிலிங் போங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த கவுன்சிலிங்?

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), தனிநபரின் எண்ணப்போக்கைச் சோதிப்பது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்றால், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள், வீட்டுப்பாடமும் உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் வழி வந்தவர்கள் சிறுவயதிலிருந்து தொடங்குவார்கள். காலம் பிடிக்கும், பணமும்தான்.

தம்பதியர் சிகிச்சை வேறு. 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய முறையில் யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பே கிடையாது. ஒருவர் குறை சொல்ல, மற்றவர் வாய்மூடி விலக, அதனாலேயே முன்னவர் இன்னும் கத்த... இந்தச் சுழலுக்குள் ஒளிந்திருக்கும் பயத்தைப் பேசவைப்பதுதான் வேலை. உறவுக்காரர்கள் கூடிச் செய்யும் பஞ்சாயத்து இதுவல்ல. குடும்பநல நீதிமன்ற ஆலோசனையும் இதுவல்ல. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே முதல் நோக்கம் சமரசம்.

அடிதடி நடக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து. ஆலோசகர் முன் மனைவி வாய்திறந்ததற்கு வீட்டில் அடி விழலாம். அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள்.

ஆலோசகரின் தகுதி என்ன, எந்த முறை, தனியாகச் சொன்னதைத் துணையிடம் சொல்வாரா என்று முதல் நாளே கேட்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் விளக்கினால் நல்லது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் 14416 இலவசம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை