செயலாளரின் ஆண்டறிக்கை: ஏவுதளத்து நிலமும் நம் சேற்றுக்கரையும்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை இவ்வாண்டு மந்தம்தான். இளையோரைச் சேர்க்கும் பொறுப்பைப் புதிய செயலவை ஏற்க வேண்டும். பினாங்குத் தேசியப் பூங்காவிலுள்ள கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுவழியே நடந்து, ஆமைப் பாதுகாப்பு மையத்தைப் பார்த்து வந்தோம்.

நான் விரிவாகப் பதிவுசெய்ய விரும்புவது, ஃபுளோரிடாவின் மெரிட் தீவு வனவிலங்குப் புகலிடம் பற்றி நம் மாதக் கூட்டத்தில் நடந்த உரையை. நிலாப் பயணத்துக்காக நாசா அங்கே 1962இல் நிலம் வாங்கத் தொடங்கியது. ராக்கெட் ஏவும் இடத்தைச் சுற்றி ஆள்நடமாட்டமற்ற பரப்பு வேண்டும். அந்தப் பரப்பே 1963இல் புகலிடமானது. இன்று ஏறத்தாழ 140,000 ஏக்கர். நிலம் நாசாவுடையது, பராமரிப்பு வனவிலங்குத் துறையினுடையது. கடலாமைகள் முட்டையிடும் கரையும் கடற்பசுக்கள் மேயும் காயலும் கென்னடி விண்வெளி மையமும் அங்கே அக்கம்பக்கம்.

1995இல் மரங்கொத்திகள் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் எரிபொருள் கலனைப் போர்த்திய நுரைப்பூச்சில் ஏறக்குறைய 200 துளைகள் போட்டன. ஓடத்தைக் கொட்டகைக்குத் திருப்பி இழுத்துச் சென்று பழுதுபார்த்தார்கள். ஜூனில் கிளம்ப வேண்டியது ஜூலை 13இல்தான் கிளம்பியது. பிறகு ஆந்தைப் பொம்மைகளை வைத்துப் பறவைகளை விரட்டினார்கள். உறுப்பினர்கள் மிகவும் ரசித்த பகுதி இது.

என் மனத்தை உறுத்தியது வேறு. அந்தத் தீவின் உவர்ச் சதுப்பில் கருநிறக் கடலோரச் சிட்டு என்றொரு குருவி வாழ்ந்தது. கொசுவை ஒழிக்கச் சதுப்பில் கரைகட்டி நீர் தேக்கினார்கள்; அது கூடுகட்டிய புல்வெளி மூழ்கியது. கடைசிக் குருவி 1987 ஜூனில் கூண்டில் இறந்தது. புகலிடம் என்று அறிவித்தும் அதைக் காக்க முடியவில்லை. மாறாக, புதர்க்காட்டு ஜே பறவைக்காக இன்றும் அங்கே ஓக் புதர்களை அளவோடு எரித்துத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். புகை ஏவுதலுக்கு இடையூறாகக் கூடாது என்பதால் நாள் பார்த்துத்தான் தீ வைக்க முடிகிறது. இப்படி ஆண்டுதோறும் சலிக்காமல் செய்யும் வேலையைத்தான் நான் பாதுகாப்பு என்பேன்.

நம் கைக்கெட்டும் தூரத்தில், செபராங் பிறையின் தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரைக்கு வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வருகின்றன. மீனவர்களும் அங்கேதான் தொழில் செய்கிறார்கள். அவர்களையும் கேட்டறிந்து, வலசைக் காலத்தில் மாதந்தோறும் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும் எனச் செயலவை முன்மொழிகிறது. வழிமொழிய விரும்புவோர் இக்கூட்டத்திலேயே பெயர் தரலாம். தொலைநோக்கி வைத்திருப்போர் அதையும் தெரிவிக்கவும்.

செயலாளர், பினாங்கு