யூராலஜி டாக்டர்களுக்கு: "வேறு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

ஆறு வருடமாகச் சிறுநீர்ப்பை வலியோடு இருப்பவள் எழுதுகிறேன். பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி ஏறும், போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் ஆரம்பிக்கும். ராத்திரியில் மட்டும் ஐந்து தடவை எழுந்திருப்பேன். முதல் இரண்டு வருடம் இதைக் கிருமித்தொற்று என்றே நானும் நினைத்தேன், என்னைப் பார்த்த டாக்டர்களும் நினைத்தார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி எதுவும் வளரவில்லை என்று ஒவ்வொரு முறையும் வரும், இருந்தாலும் ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவார்கள். கடைசியில்தான் ஒருவர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்று பெயர் சொன்னார், கிருமி இல்லாமலேயே சிறுநீர்ப்பை வலிக்கும் நீண்டகால நோய்.

என் குறை அதுவல்ல. நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம், புரிகிறது. ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட, "வேறு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள், வேறு யாரிடம் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லையே! போய்க்கொண்டுதான் இருந்தேன். கிரான்பெர்ரி பழச்சாறு, டி-மன்னோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரைப் பொடி, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத மூலிகை மாத்திரை, அக்குபங்சர், எல்லாம். சொன்னால் திட்டுவீர்கள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. வலியில் இருப்பவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார், அது தப்பா?

கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருக்கக்கூடியது எவ்வளவோ இருந்தது. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 தொகுப்பாய்வு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெர்ரி அந்த வாய்ப்பைக் கால்பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்று சொன்னது. ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை அது சரி செய்யும் என்று சொல்லவில்லை. எனக்கோ தொற்றே கிடையாது, அந்தப் புளிப்புச் சாறு எரிச்சலைக் கூட்டியதுதான் மிச்சம். டி-மன்னோஸ் 2024-இல் சுமார் 600 பெண்களிடம் சோதிக்கப்பட்டு, தொற்றைத் தடுப்பதில் மருந்தில்லாத வெறும் பொடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. அதே நேரம், யாரும் பெரிதாக மதிக்காத தண்ணீர்! குறைவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த, அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 முறைதான் தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. யாருக்கு எது பொருந்தும் என்பது நோயின் பெயரைப் பொறுத்தது, அந்தப் பெயர் உங்களுக்குத்தான் தெரியும். மருந்து விற்பவருக்குத் தெரியாது.

நான்காவது வருடம், ஒரு தோழி சொல்லி, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். கையுறை போட்ட ஒரு விரலால் உள்ளே வலது பக்கமாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பை நிறையும்போது வருமே, அதே வலி, அப்படியே வந்தது. அப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தேன், பை காலி! "தசை இறுகிப் போயிருக்கிறது, கெகல் பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி அது. தினமும் மூன்று வேளை செய்துகொண்டிருந்தேன், ஒரு டாக்டர் சொல்லித்தான். இறுகிய தசையை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மேசையில் படுத்தபடியே அழுதேன்.

இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் மாற்று வைத்தியமும் இல்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி, இப்படித் தசை வலி இருப்பவர்களுக்குக் கையால் தளர்த்தும் சிகிச்சை கொடுங்கள், கெகலைத் தவிருங்கள் என்று 2011-லேயே சொல்லிவிட்டது. 2012-இல் 81 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் துறையின் புத்தகத்தில் இருப்பதை நான் ஏன் தோழி வாயால் கேட்க வேண்டியிருந்தது?

இயற்கை என்றாலே கெடுதல் இல்லை என்று நான் நம்பவில்லை. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க என்று கொடுத்த மூலிகை மருந்தில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்திருந்ததால் பலருக்குச் சிறுநீரகமே போனது, சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதே போல, இந்த நோய்க்கென்றே நீங்கள் எழுதும் பென்டோசன் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தவர்கள் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது 2018-இல் வெளியே வந்தது. இரண்டு பக்கத்து மருந்துக்கும் கண்காணிக்க ஒருவர் வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால், காய்ச்சலோடு விலாப்புறம் வலித்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதைக்கூட எங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

அதனால் கேட்கிறேன். முதல் நாளே மூன்று நாள் டைரி எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அதற்கு முன்னால் என்ன குடித்தோம், வலி எவ்வளவு. என் முதல் டைரியில் ஒரு நாளில் 19 தடவை, பெரும்பாலும் 80, 90 மில்லிதான். காபிக்குப் பிறகுதான் மோசமாகிறது என்பதை அந்தத் தாளில்தான் பார்த்தேன். இப்போது 10 தடவை. தசையைத் தொட்டுப் பாருங்கள். சீட்டில் மாத்திரைக்குக் கீழே ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பெயரையும் எழுதுங்கள். ஒன்றை வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம்.

அடுத்த முறை வரும்போது டைரியையும், வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி